பீரோவில் கிடக்கும் ஐந்து பழைய ஹார்ட் டிஸ்க்குகள்: கேசிங் வாங்குவதா, டாக் வாங்குவதா?

குடந்தை ஸ்டூடியோ
திங்கள், இரவு 9.42

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் என் அப்பா தொடங்கிய போட்டோ ஸ்டூடியோவை இப்போது நான் நடத்திவருகிறேன். 2006இல் ஃபிலிமை விட்டு டிஜிட்டலுக்கு மாறினோம். அன்றிலிருந்து எடுத்த கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து எல்லாம் ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கின்றன. ஒரு டிஸ்க் நிறைந்ததும் அப்பா அதைக் கழற்றி, மேலே வெள்ளைத் தாள் ஒட்டி ஆண்டை எழுதி, துணியில் சுற்றி இரும்பு பீரோவில் வைத்துவிடுவார். எதையும் அழித்ததில்லை.

ஐப்பசி மழையில் இடி இறங்கிக் கடையின் கம்ப்யூட்டர் மதர்போர்டு எரிந்துபோனது. இப்போது ஒரு லேப்டாப்தான் இருக்கிறது. அதில் இந்த டிஸ்க்குகளை மாட்ட வழியில்லை.

பீரோவில் இருப்பவை: 80 ஜிபி, 160 ஜிபி, இரண்டும் அகலமான பட்டைக் கேபிள் மாட்டும் பழைய வகை. 500 ஜிபி, 1 டிபி, இரண்டும் சாட்டா (மெல்லிய கேபிள் மாட்டும் பிந்திய வகை), மேசைக் கம்ப்யூட்டருக்கானவை. ஐந்தாவது, பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய சிறிய 500 ஜிபி.

அவசரத்துக்குக் காரணம் உண்டு. போன வாரம் ஓர் அக்கா கடைக்கு வந்தார். 2008 ஆவணியில் அவருக்குக் கல்யாணம், அப்பா எடுத்த படங்கள். ஆல்பத்தைக் கரையான் அரித்துவிட்டது. கல்யாணத்துக்கு மறு ஆண்டே அவருடைய அம்மா காலமாகிவிட்டார். அம்மா பட்டுப்புடவை கட்டி நின்ற படம் அந்த ஆல்பத்தைத் தவிர வேறெங்கும் இல்லையாம். "உங்கள் அப்பா எதையும் தூக்கிப்போட மாட்டாரே தம்பி" என்றார். 160 ஜிபி டிஸ்க்கின் தாளில் "2007 ஐப்பசி முதல் 2009 தை வரை" என்று அப்பாவின் கையெழுத்து இருக்கிறது.

ஐந்துக்கும் ஐந்து கேசிங் வாங்க வேண்டுமா? எந்த வகை? படங்களை எடுத்த பிறகு இந்த டிஸ்க்குகளையே வெளிச் சேமிப்பாக வைத்துக்கொள்ளலாமா?


ஈயப்பற்று
திங்கள், இரவு 10.30

வணக்கம். இருபது ஆண்டுகளாகக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறேன். சென்னை ரிச்சி தெருவில்தான் தொழில் கற்றேன்.

முதலில் ஒன்று. அந்த 160 ஜிபி டிஸ்க்கைக் கடைசியாகத் தொடுங்கள். மற்ற நான்கில் பழகிக் கைவந்த பிறகு அதற்கு வாருங்கள். பல ஆண்டு சுழலாமல் கிடந்த டிஸ்க்குக்கு மின்சாரம் கொடுக்கும் முதல் சில நிமிடங்கள் விலைமதிப்பற்றவை. அந்த நேரத்தில் கேபிளைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

ஐந்து கேசிங் வேண்டாம். கேசிங் என்பது டிஸ்க்கை உள்ளே வைத்து மூடி யுஎஸ்பியில் மாட்டும் பெட்டி, ஒரு டிஸ்க்குக்கு நிரந்தர வீடு: பையில் போட்டுக்கொண்டு போவதற்கு, மேசையில் நிரந்தரமாக வைப்பதற்கு. ஒன்றன்பின் ஒன்றாக மாட்டிப் படங்களை எடுப்பதுதான் வேலை என்றால் டாக் போதும். டிஸ்க்கை நிமிர்த்திச் செருகும் பெட்டி அது. சாட்டா டிஸ்க் சிறியதும் பெரியதும் அதில் உட்காரும். பட்டைக் கேபிள் வகைக்கு ஐடிஇ என்று பெயர். அவை இரண்டுக்கும் சாட்டா, ஐடிஇ இரண்டையும் ஏற்கும் யுஎஸ்பி மாற்றிக் கேபிள் ஒன்றை வாங்குங்கள். அதன்கூட மின்சார அடாப்டரும் வர வேண்டும். அடாப்டர் இல்லாத கேபிளைக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

ஏன் என்றால், லேப்டாப்பின் சிறிய டிஸ்க் (2.5 அங்குலம்) 5 வோல்ட்டில் மட்டும் ஓடும். யுஎஸ்பி துளையே அந்த மின்சாரத்தைக் கொடுத்துவிடும். மேசைக் கம்ப்யூட்டரின் பெரிய டிஸ்க்குக்கு (3.5 அங்குலம்) மோட்டாரைச் சுழற்ற 12 வோல்ட் வேண்டும். அதை எந்தச் சாதாரண யுஎஸ்பி துளையும் தராது. சுழலத் தொடங்கும் நொடியில் பெரிய டிஸ்க் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். அடாப்டர் மீது "12 வோல்ட், 2 ஆம்பியர்" என்று அச்சிட்டிருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். 1 ஆம்பியர் அடாப்டரை வைத்துச் சிரமப்பட்ட டிஸ்க்குகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.


பொன்னி
செவ்வாய், காலை 6.55

திருச்சியில் ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். ஈயப்பற்று ஐயா சொன்னதுடன் ஒன்றைச் சேர்க்கிறேன்.

டிஸ்க்கை இணைத்ததும் விண்டோஸ் இரண்டு கேள்விகளில் ஒன்றைக் கேட்கலாம். "ஃபார்மட் செய்த பிறகுதான் பயன்படுத்த முடியும், செய்யவா?" என்பது ஒன்று. டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால் "இந்த டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்யவா?" என்பது இன்னொன்று. இரண்டுக்கும் "வேண்டாம்" என்றே சொல்லுங்கள். விண்டோஸால் படிக்க முடியவில்லை என்பதுதான் அந்தக் கேள்விகளின் பொருள். உள்ளே ஒன்றும் இல்லை என்று அர்த்தமில்லை. அந்த இடத்தில் "சரி" என்று அழுத்திவிட்டு அழுதுகொண்டு வந்த மாணவர்களைப் பார்த்திருக்கிறேன்.

புதிய டிஸ்க்கைக் கேசிங்கில் போடுகிறவர்களுக்கு அதே கேள்விகள்தான் சரியான வழி: இனிஷியலைஸ் (டிஸ்க்கைப் புதிதாகத் தயார்செய்வது), பார்ட்டிஷன் (பகுதியாகப் பிரிப்பது), ஃபார்மட். உங்களுக்கு அது வேண்டாம்.


அச்சுக்கூடம்
செவ்வாய், காலை 9.20

சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கிறேன். தம்பி, படங்களை எடுத்ததும் அந்தப் பழைய டிஸ்க்குகளை மறந்துவிடுங்கள். அவற்றை வெளிச் சேமிப்பாக வைத்துக்கொள்ளும் எண்ணமே வேண்டாம். என் கதையைச் சொல்கிறேன்.

பழைய கம்ப்யூட்டரை விற்றபோது அதிலிருந்த டிஸ்க்கைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் கேசிங்கில் போட்டேன். நாட்காட்டி வடிவமைப்புகள் எல்லாவற்றையும் அதற்கு மாற்றினேன். கம்ப்யூட்டரில் இடம் வேண்டும் என்று அங்கிருந்த மூலக் கோப்புகளை அழித்தேன். எட்டு மாதம் நன்றாக ஓடியது. ஒன்பதாம் மாதம் வைகாசி வெயிலில், நாட்காட்டி வேலை சூடுபிடிக்கும் நேரத்தில், டிஸ்க் திறக்கவில்லை. வாடிக்கையாளர்களின் மூன்று ஆண்டு வேலை போயிற்று. மீட்டுத் தருவோர் கேட்ட தொகைக்கு நான்கு புதிய டிஸ்க் வாங்கியிருக்கலாம். கொடுத்தேன், பாதிதான் வந்தது.

கேசிங் மாட்டினால் பழைய டிஸ்க்குக்கு வயது குறையாது.


ஈயப்பற்று
செவ்வாய், மதியம் 1.15

அச்சுக்கூடம் அண்ணாச்சியின் இழப்பு பெரியது. ஆனால் எனக்குத் தோன்றும் தவறு வேறு இடத்தில் இருக்கிறது. மூலக் கோப்புகளை அழித்ததும் அந்தக் கேசிங்கில் இருந்தது பேக்கப் என்ற பெயரை இழந்துவிட்டது. ஒரே பிரதி ஆகிவிட்டது. புதிய டிஸ்க்காக இருந்தாலும் அதே கதிதான் நேர்ந்திருக்கலாம்.

பழைய டிஸ்க் நல்ல உடல்நிலையில் இருந்தால் இரண்டாவது, மூன்றாவது பிரதிக்குத் தாராளமாக உதவும். உடல்நிலையை அறிய கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். டிஸ்க் தானே எழுதிவைக்கும் ஸ்மார்ட் குறிப்பேட்டை அது படித்துக் காட்டும். நீலம் நலம், மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு ஆபத்து. நிறத்தை மட்டும் நம்பாமல் இரண்டு வரிகளைத் தேடிப் பாருங்கள். 05 என்ற எண்ணுள்ள வரி, கெட்டுப்போய் மாற்று இடத்துக்கு அனுப்பப்பட்ட செக்டர்களின் (டிஸ்க்கில் தகவல் பதியும் சிறு துண்டுகளின்) கணக்கு. சி5 என்ற வரி, படிக்க முடியாமல் தள்ளாடிக்கொண்டிருக்கும் செக்டர்களின் கணக்கு. இரண்டும் சுழியாக இருந்தால் நிம்மதி. சி5 நாளுக்கு நாள் ஏறினால் அன்றே பிரதி எடுக்கத் தொடங்குங்கள். சி7 ஏறினால் பெரும்பாலும் கேபிளும் இணைப்பும்தான் குற்றவாளி. சில மலிவான கேசிங்குகள் இந்தக் குறிப்பேட்டைக் கம்ப்யூட்டருக்குக் கடத்தாது. அப்படிப்பட்டதை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

வெயிலைப் பற்றி அண்ணாச்சி சொன்னது முழுக்கச் சரி. பெரிய டிஸ்க்குக்குக் காற்றோட்டமில்லாத பிளாஸ்டிக் பெட்டி வேண்டாம். அலுமினிய உடல் உள்ளதாகப் பாருங்கள். டிஸ்க்கின் சூடு அந்த உலோகத்தின் வழியாக வெளியேறும்.


வடலி
செவ்வாய், மாலை 5.40

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். கொழும்பில் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஐடிஇ, சாட்டா இரண்டும் மாட்டும் மாற்றி ஒன்றை வாங்கி என் மாமாவின் பழைய டிஸ்க்குகளை இதேபோல எடுத்தேன், அண்ணா. மின்வெட்டுத்தான் பெரிய தொல்லையாக இருந்தது. டாக், பெரிய கேசிங் எல்லாம் சுவரிலிருந்து நேராக மின்சாரம் எடுக்கின்றன. லேப்டாப்புக்கு பற்றரி இருக்கிறது, டிஸ்க்குக்கு இல்லை. கோப்பு நகலாகும்போது மின்சாரம் நின்றால் எழுதும் டிஸ்க்கில் பாதிக் கோப்பு கிடக்கும். டாக்கின் அடாப்டரை யுபிஎஸ் பெட்டியில் செருகுங்கள்.

1981இல் நூலகம் எரிந்த ஊர் இது. ஒரே பிரதி என்ற சொல்லைக் கேட்டாலே எங்களுக்கு மனம் பதறும். அந்த அக்காவின் படம் கிடைத்ததும் அவரிடமே ஒரு பிரதியைக் கொடுத்துவிடுங்கள். உங்கள் கடையில் ஒன்று, அவர் வீட்டில் ஒன்று.


குடந்தை ஸ்டூடியோ
வியாழன், இரவு 8.05

எல்லோருக்கும் நன்றி. டாக்கும், ஐடிஇ மாற்றிக் கேபிளும், லேப்டாப் டிஸ்க்குக்கு ஒரு சிறிய கேசிங்கும், படங்களைச் சேர்த்துவைக்கப் புதிதாக 4 டிபி வெளி டிஸ்க்கும் வாங்கினேன். அப்பாவின் பேனாவால் எழுதிய தாள்களைக் கிழிக்காமல் ஓரத்தில் பிடித்து ஒவ்வொன்றாக எடுத்தேன்.

1 டிபி: டாக்கில் நின்றதும் வந்துவிட்டது. 2012 முதல் 2015 வரை முழுவதும் இருக்கிறது. குறிப்பேட்டில் 05, சி5 இரண்டும் சுழி.

500 ஜிபி பெரியது: வந்தது. ஆனால் "டெஸ்க்டாப்" ஃபோல்டரைத் திறந்தால் அனுமதி இல்லை என்கிறது. அப்பா அவசரத்தில் நிறையப் படங்களை டெஸ்க்டாப்பிலேயே போடுவார்.

லேப்டாப்பின் 500 ஜிபி: கேசிங்கில் மாட்டினேன். திருகே இல்லாமல் மூடி வழுக்கி மூடிக்கொள்ளும் வகை. "டிக்... டிக்..." என்று சத்தம். விளக்கு எரிந்து அணைகிறது. மறுபடி "டிக்". பயந்துபோய்ப் பிடுங்கிவிட்டேன். இது போய்விட்டதா?


ஈயப்பற்று
வியாழன், இரவு 8.31

எந்தத் துளையில் மாட்டினீர்கள்? லேப்டாப்பில் நேரடியாகவா, நடுவில் யுஎஸ்பி ஹப் ஏதாவது உண்டா?


குடந்தை ஸ்டூடியோ
வியாழன், இரவு 8.40

ஹப் வழியாகத்தான், ஐயா. லேப்டாப்பில் இரண்டே துளைகள். மவுஸும் பென்டிரைவும் அதே ஹப்பில் இருந்தன.


ஈயப்பற்று
வியாழன், இரவு 8.52

பிடுங்கியது நல்லது. டிக் சத்தம் கேட்டால் எல்லோரும் டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மின்சாரம் போதாதபோதும் அதே சத்தம்தான் வரும். மோட்டார் சுழல முயலும், வேகம் பிடிக்காது, உள்ளே இருக்கும் படிக்கும் முனை திரும்ப ஒதுங்கும், மறுபடி முயலும். யுஎஸ்பி 2.0 துளையின் அளவு 500 மில்லி ஆம்பியர், 3.0 துளைக்கு 900. சிறிய டிஸ்க் கிளம்பும் நொடியில் 1 ஆம்பியரைத் தொடக்கூடியது. சொந்த அடாப்டர் இல்லாத ஹப், அந்த ஒரே துளையின் மின்சாரத்தை மூன்றாகப் பங்கு போடுகிறது.

ஹப்பை எடுத்துவிட்டு லேப்டாப்பின் நீலநிறத் துளையில் (பெரும்பாலும் அதுதான் 3.0), கேசிங்குடன் வந்த குட்டைக் கேபிளால் நேராக மாட்டுங்கள். நீளமான கேபிள் வேண்டாம், வழியில் வோல்ட் குறையும். அப்போதும் டிக் கேட்டால் டாக்கில் மாட்டிப் பாருங்கள், அங்கே அடாப்டர் மின்சாரம் இருக்கிறது. அங்கும் டிக் என்றால்தான் டிஸ்க்கைச் சந்தேகிக்க வேண்டும்.

டெஸ்க்டாப் ஃபோல்டருக்கு: "தொடர்" என்ற பொத்தானை அழுத்துங்கள். பழைய விண்டோஸின் பயனர் பெயரில் அந்த ஃபோல்டர் பூட்டியிருக்கிறது, அவ்வளவுதான். நிர்வாகி கணக்கில் இருந்தால் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளும். ஆயிரக்கணக்கில் கோப்புகள் இருந்தால் பச்சைக் கோடு மெல்ல நகரும். பொறுங்கள்.


பொன்னி
வியாழன், இரவு 9.10

அந்தப் பொத்தான் மூல டிஸ்க்கில் எழுதும் என்பதை நினைவில் வையுங்கள். நல்ல உடல்நிலையில் உள்ள டிஸ்க் என்றால் பரவாயில்லை. நான் என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் இயங்குதளத்தைப் பென்டிரைவிலிருந்து ஏற்றி, டிஸ்க்கைப் படிக்க மட்டும் என்ற முறையில் திறப்பேன். விண்டோஸின் அந்தப் பூட்டை லினக்ஸ் பொருட்படுத்துவதில்லை. 160 ஜிபிக்குக் கட்டாயம் அப்படித்தான் செய்யுங்கள், அண்ணா.


முடிச்சூர்வாசி
வியாழன், இரவு 10.48

இந்த இழையை முதலிலிருந்து படித்தேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுத் தரைத்தளம் முழுகியது. கம்ப்யூட்டரும், அதன் பேக்கப் என்று வாங்கிய வெளி டிஸ்க்கும் ஒரே மேசையில் இருந்தன. இரண்டும் ஒன்றாக நீருக்குள் போயின.

தண்ணீர் வடிந்ததும் நான் செய்த தவறைச் சொல்கிறேன், வேறு யாரும் செய்ய வேண்டாம். இரண்டு டிஸ்க்கையும் மாடியில் வெயிலில் காயவைத்து, நான்காம் நாள் மின்சாரம் கொடுத்தேன். உள்ளே புகுந்த சேறு காய்ந்து தட்டின்மேல் ஒட்டியிருந்தது. சுழன்ற முதல் நிமிடத்திலேயே கீறிவிட்டது. நனைந்த டிஸ்க்கைக் காயவைக்கவே கூடாது, ஈரத்தோடு பையில் கட்டி மீட்பு ஆய்வகத்தில் கொடுக்க வேண்டும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். என் மகளின் முதல் இரண்டு பிறந்தநாட்கள் அதில் இருந்தன.

புதிதாக வாங்கிய அந்த 4 டிபி டிஸ்க்கைக் கடையிலேயே வைக்காதீர்கள்.


நவநீதம்
வெள்ளி, காலை 7.25

இடையில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். என் லேப்டாப்பில் இருப்பது சூயிங்கம் பட்டை போன்ற எம்.2 எஸ்எஸ்டி. இதற்கும் கேசிங் கிடைக்குமா?


ஈயப்பற்று
வெள்ளி, காலை 7.50

கிடைக்கும். எம்.2 என்பது வடிவம் மட்டும். அதே வடிவத்தில் சாட்டாவும் உண்டு, அதைவிட வேகமான என்விஎம்இ வகையும் உண்டு. ஒன்றுக்கான கேசிங் இன்னொன்றைப் படிக்காது. இரண்டையும் ஏற்கும் கேசிங்கும் வருகிறது, அதையே கேட்டு வாங்குங்கள். என்விஎம்இ நன்றாகச் சூடாகும். கேசிங்குடன் வரும் நீலநிற வெப்பப் பட்டையை ஒட்டாமல் மூடாதீர்கள்.

கழற்றும் முன் பிட்லாக்கர் (டிஸ்க்கை மறையாக்கம் செய்யும் விண்டோஸின் பூட்டு) போட்டிருக்கிறதா என்று பாருங்கள். புதிய லேப்டாப்புகளில் நாம் கேட்காமலே அது இயங்கிக்கொண்டிருக்கலாம். வெளியில் மாட்டினால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். லேப்டாப் உயிரோடு இருக்கும்போதே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.


குடந்தை ஸ்டூடியோ
வெள்ளி, இரவு 9.15

ஹப்பை எடுத்ததும் டிக் சத்தம் நின்றது! ஆனால் இப்போது பொன்னி சொன்ன அதே கேள்வி: இனிஷியலைஸ் செய்யவா என்கிறது. "வேண்டாம்" என்று மூடிவிட்டேன். கை நடுங்கியது.

டெஸ்க்டாப் ஃபோல்டர் திறந்துவிட்டது. எங்கள் பாட்டியின் சதாபிஷேகப் படங்கள் எங்கே போயின என்று எத்தனையோ நாள் தேடியிருக்கிறோம், அதில்தான் இருந்தன.


பொன்னி
வெள்ளி, இரவு 9.40

அந்தச் சிறிய டிஸ்க்கைக் கேசிங்கிலிருந்து எடுத்து டாக்கில் மாட்டிப் பாருங்கள். சில கேசிங்குகளின் உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகை, டிஸ்க்கின் செக்டர் அளவை 512 பைட்டுக்குப் பதிலாக 4096 பைட் என்று கம்ப்யூட்டரிடம் சொல்லும். 2 டிபியைத் தாண்டிய டிஸ்க்குகளைப் பழைய விண்டோஸிலும் காட்டுவதற்காக வந்த ஏற்பாடு அது. வேறு கம்ப்யூட்டரில் ஃபார்மட் செய்த டிஸ்க் அதில் வெறுமையாகத் தெரியும். எண்ணும் முறை மாறியதால் பார்ட்டிஷன் இருக்கும் இடம் தவறிப்போகிறது. உள்ளே தகவல் அப்படியே இருக்கும்.

நேர்மாறாகவும் நடக்கும். அப்படிப்பட்ட கேசிங்கில் ஃபார்மட் செய்த டிஸ்க்கைக் கழற்றி வேறிடத்தில் மாட்டினால் ஒன்றும் தெரியாது. வெளி டிஸ்க்காகவே கடையில் விற்பவை சிலவற்றில் அந்தப் பலகையே எல்லாவற்றையும் மறையாக்கம் செய்து எழுதுகிறது. நாம் கடவுச்சொல் போடாவிட்டாலும் அப்படித்தான். அந்த வகையில் பலகை போனால் டிஸ்க்கை மட்டும் கழற்றிப் பயனில்லை.


குடந்தை ஸ்டூடியோ
சனி, காலை 11.02

டாக்கில் வந்துவிட்டது. 465 ஜிபி என்று காட்டுகிறது (500க்கு அதுதான் கணக்கு என்று அறிவேன்). நேற்றிரவு தூங்கவில்லை. நன்றி பொன்னி.

இனி ஐடிஇ. 80 ஜிபியில் பழகிக்கொள்ளலாம் என்று மாட்டினேன். சுழல்கிறது, உள்ளங்கையில் அதிர்வு தெரிகிறது. ஆனால் கம்ப்யூட்டரில் எதுவும் வரவில்லை.


ஈயப்பற்று
சனி, காலை 11.20

டிஸ்க்கின் பின்பக்கத்தைப் பாருங்கள். 40 ஊசிகள் கொண்ட இரட்டை வரிசைக்கும், நான்கு தடித்த ஊசிகள் கொண்ட மின்சாரத் துளைக்கும் நடுவே ஒரு சிறிய ஊசிக் கூட்டம் இருக்கும். அதில் எறும்பளவு பிளாஸ்டிக் தொப்பி ஒன்று மாட்டியிருக்கும். அதுதான் ஜம்பர். அந்தக் காலத்தில் ஒரே பட்டைக் கேபிளில் இரண்டு டிஸ்க் மாட்டுவோம். எது தலைவர், எது துணை என்று ஜம்பர்தான் சொல்லும். உங்கள் அப்பா இரண்டாவதாக மாட்டியிருந்தால் அது "ஸ்லேவ்" நிலையில் இருக்கும். மாற்றிக் கேபிள் எதிர்பார்ப்பது "மாஸ்டர்". லேபிளிலேயே படம் போட்டிருப்பார்கள். தனியாக இருந்தால் ஜம்பரையே எடுத்துவிடச் சொல்லும் டிஸ்க்குகளும் உண்டு. உங்கள் லேபிள் என்ன சொல்கிறதோ அதைச் செய்யுங்கள். மூக்குக் குறடு இருந்தால் எளிது, விரலால் பிடித்தால் கீழே விழுந்து காணாமற்போகும்.

மின்சார இணைப்பில் மிகக் கவனம். அந்த நான்கு ஊசி பிளக்கின் இரண்டு மூலைகள் சீவியிருக்கும், துளையிலும் அப்படியே. தலைகீழாக வைத்து அழுத்தினால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய், நொடியில் பலகை கருகிவிடும். மஞ்சள் கம்பி 12, சிவப்பு 5, நடுவில் இரண்டு கறுப்பு. இறுக்கமாக இருக்கிறதே என்று பலத்தைக் காட்டும் முன் மூலைகளை மறுபடி பாருங்கள்.


குடந்தை ஸ்டூடியோ
சனி, மாலை 4.30

ஸ்லேவ் நிலையில்தான் இருந்தது. அப்பாவின் நகவெட்டியால் ஜம்பரை நகர்த்தினேன். 80 ஜிபி வந்துவிட்டது. படங்களை இன்னும் நகலெடுக்கவில்லை, 160க்குப் பிறகுதான். அந்த அக்கா நாளை வருகிறார்.

160ஐயும் மாட்டிப் பார்த்தேன். வந்தது. "2008 ஆவணி" ஃபோல்டர் கண்முன் இருக்கிறது. நகலெடுக்கத் தொடங்கி 61ஆவது படத்தில் நின்றுவிட்டது. பத்து நிமிடம் அசையவில்லை. ரத்து செய்துவிட்டேன். வந்தவரை திறந்து பார்த்தேன். அம்மாவும் பெண்ணும் மணவறை ஓரம் நிற்கும் படம் ஒன்று வந்திருக்கிறது. அம்மாவின் தோளுக்குக் கீழே முழுவதும் சாம்பல் நிறம். மறுபடி நகலெடுக்கவா?


பொன்னி
சனி, மாலை 4.36

வேண்டாம் அண்ணா. நிறுத்துங்கள். மின்சாரத்தை எடுத்துவிடுங்கள். விண்டோஸ் ஒரே கெட்ட இடத்தை மறுபடி மறுபடி படிக்க முயன்று டிஸ்க்கைத் தேய்த்துவிடும்.

டிடிரெஸ்க்யூ என்று ஒரு லினக்ஸ் கருவி இருக்கிறது. கோப்பு கோப்பாக நகலெடுக்காமல் டிஸ்க் முழுவதையும் அப்படியே ஒரே பிம்பக் கோப்பாக எடுக்கும். முதல் சுற்றில் நன்றாக இருக்கும் பகுதிகளை வேகமாக அள்ளிக்கொண்டு, தடுக்கும் இடங்களைத் தாண்டிப் போய்விடும். பெரும்பகுதி பத்திரமான பிறகுதான் தாண்டிய இடங்களுக்குத் திரும்பி வந்து கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்கும். எதை எடுத்தோம், எது பாக்கி என்பதை ஒரு மேப் கோப்பில் குறித்துக்கொண்டே போகும். நடுவில் மின்சாரம் போனாலும், டிஸ்க் காணாமற்போனாலும், மறுபடி மாட்டி அதே மேப் கோப்பைக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். மேப் கோப்பு இல்லாமல் மட்டும் தொடங்கவே தொடங்காதீர்கள்.

பிம்பத்துக்கு 160 ஜிபி காலியிடம் வேண்டும், உங்கள் 4 டிபியில் இருக்கிறது. எது மூலம், எது சேருமிடம் என்பதை டிஸ்க்கின் கொள்ளளவைப் பார்த்து மூன்று முறை சரிபாருங்கள். இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் மீள வழியில்லை. கட்டளை வரியைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். டைப் செய்ததைப் படம் பிடித்து எனக்கு அனுப்பிய பிறகு என்டர் தட்டுங்கள்.


ஈயப்பற்று
சனி, மாலை 5.05

பொன்னி சொல்வதுபோலவே செய்யுங்கள். டிஸ்க்கைச் சமமான பலகையில் படுக்கவைத்து, மேலே சிறிய மேசை விசிறியைத் திருப்பிவிடுங்கள். ஓடும்போது அசைக்காதீர்கள். பிரீசரில் வைத்தால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், உள்ளே ஈரம் படிந்து இருப்பதும் போய்விடும்.

யுஎஸ்பி 2.0 மாற்றி என்றால் நொடிக்கு 30 எம்பி அளவில்தான் வரும். 160 ஜிபிக்கு ஒன்றரை மணி நேரம். கெட்ட பகுதிகளுக்கு அதற்குமேல் எவ்வளவு வேண்டுமானாலும் ஆகலாம்.


குடந்தை ஸ்டூடியோ
ஞாயிறு, காலை 5.50

முதல் சுற்று நேற்றிரவே முடிந்தது. இரவு முழுவதும் பாக்கி இடங்களைப் படித்துக்கொண்டிருந்தது. இரண்டு முறை டிஸ்க் காணாமற்போயிற்று. அரைமணி நேரம் ஆறவிட்டு, மறுபடி மாட்டி, அதே மேப் கோப்போடு தொடர்ந்தேன். இப்போது 48 கேபி மட்டும் பாக்கி. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா இரண்டு முறை காபி கொண்டுவந்தார். அப்பா ஃபிலிம் கழுவும் இரவுகளில் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார் என்றார்.

பிம்பத்தைத் திறந்தேன். 61ஆவது படம் முழுவதும் இருக்கிறது. அரக்குப் பட்டு, மயில்கழுத்து நிறக் கரை.


வடலி
ஞாயிறு, காலை 6.30

வாசிக்கும்போது கண் கலங்கிவிட்டது, அண்ணா. பிரதியை மறக்காதீர்கள்.


அச்சுக்கூடம்
ஞாயிறு, காலை 8.10

மனம் நிறைந்தது தம்பி. அக்காவுக்குப் பென்டிரைவில் கொடுக்கும்போது வீடியோவும் இருக்கிறதா என்று பாருங்கள். 2008 என்றால் சிறு கேசட்டில் எடுத்து ஏற்றியிருப்பீர்கள். மணிக்கு 13 ஜிபி பிடிக்கும் கோப்புகள். பென்டிரைவ் ஃபேட்32 என்ற பழைய முறையில் ஃபார்மட் ஆகியிருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட எந்தக் கோப்பையும் ஏற்காது, இடம் இருந்தாலும் கோப்பு மிகப் பெரியது என்று சொல்லும். எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்துகொள்ளுங்கள். கேசட்டிலிருந்து ஏற்றிய வீடியோவின் பழைய வடிவத்தை இன்றைய டிவிகள் பல ஓட்டாது. எம்பி4 ஆக மாற்றிய பிரதி ஒன்றும் சேர்த்துக் கொடுங்கள், மூலக் கோப்பை அழிக்காமல்.


குடந்தை ஸ்டூடியோ
ஞாயிறு, இரவு 9.30

அக்கா மாலை ஆறு மணிக்கு வந்தார், கணவரும் பிள்ளைகளும் கூட. திரையில் படத்தைப் பெரிதாக்கியதும் நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டே போய் உட்கார்ந்தார். அம்மாவின் முகத்தை அவர் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார். "அந்த வளையல் இதோ" என்று தன் கையை நீட்டிக் காட்டினார். பெரிய மகளுக்குப் பாட்டியைப் பார்ப்பது இதுவே முதல் தடவை. 12க்கு 18 அங்குலத்தில் அச்சிடச் சொல்லியிருக்கிறார். வீடியோவும் இருந்தது, மூன்று மணி நேரம். எக்ஸ்ஃபேட் செய்த பென்டிரைவில் அண்ணாச்சி சொன்னபடியே இரண்டு வடிவத்திலும் கொடுத்தேன்.

என் முதல் கேள்விக்கு நானே கண்ட விடையையும் எழுதிவிடுகிறேன். 1 டிபி டிஸ்க்கை அலுமினியக் கேசிங்கில் போட்டு, அதில் இருக்கும் படங்களின் இரண்டாம் பிரதியாக வீட்டில் வைக்கப்போகிறேன். 4 டிபி கடையில். மூன்றாவது பிரதிக்குத் தஞ்சாவூரில் இருக்கும் தங்கையிடம் பேசிவிட்டேன், முடிச்சூர் நண்பர் எழுதியதைப் படித்த அன்றே. 160ஐத் துணியில் சுற்றித் திரும்பப் பீரோவில் வைத்துவிட்டேன். அதற்கு இனி மின்சாரம் கொடுக்க மாட்டேன், அப்பாவின் எழுத்துக்காக இருக்கட்டும்.

நாளை 2006, அந்த 80 ஜிபி. அப்பா முதன்முதலில் டிஜிட்டலில் எடுத்த கல்யாணம் அதில் இருக்கிறது. மேப் கோப்புக்குப் பெயர் வைத்துவிட்டேன், விசிறியும் தயார்.